காட்டில் ஓர் இரவு: வாசகர் கேள்வி – பதில்

மரத்தின் மேல், ஏரியின் நடுவே, படகில், கூடாரத்தில் என வழக்கமான விடுதி அறைக்கு வெளியே இரவு தங்குவது பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குழந்தைகளுக்கு வயது எட்டும் பதினொன்றும். மரவீட்டில் தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். விளம்பரங்களில் வரும் மரவீடுகள் பெரும்பாலும் இரும்புத் தூண்களின் மேல் கட்டிய சொகுசு அறைகளாகவே இருக்கின்றன. உண்மையான காட்டுக்குள் மரவீடு எங்கே இருக்கிறது?
— வாசகி, கரூர்

பதில்: பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சென்றால் வரும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், வாகனச் சாலை நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகத்தான் செல்கிறது. பாலக்காட்டுக்காரர்களும் தமிழ்நாட்டுக்குள் வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே துணக்கடவு நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கேரள வனத்துறை மரவீடு அமைத்திருக்கிறது. மேலே ஒரு சிறிய அறை, நீர்ப்பக்கம் பார்த்த வராந்தா, அவ்வளவுதான். இருட்டிய பிறகு கீழே இறங்கி நடமாட அனுமதி கிடையாது. இந்த விதியைத்தான் அந்த இடத்தின் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். மனிதர்கள் மேலே அடங்கிவிட்டால், கீழே உள்ள நிலமும் நீரும் இரவு முழுவதும் விலங்குகளுக்கே உரியவை ஆகிவிடுகின்றன. நாம் அவற்றின் வழியில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கேட்பது என்று நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மரவீட்டில் தங்கும் இரவு கண்ணைவிடக் காதுக்கே அதிகம் கிடைக்கும் இரவு. சுற்றிலும் பெரும்பகுதி தேக்கங்காடு என்பதால், பிப்ரவரி வாக்கில் போனால் மரங்கள் மொட்டையாக நிற்க, முறம் அகலத் தேக்கிலைகள் தரையெங்கும் காய்ந்து கிடக்கும். ஒரு புள்ளிமான் நடந்தாலும் அப்பளம் நொறுங்குவதுபோல அடுத்தடுத்து ஒலி எழும். காட்டுமாடுகள் கூட்டமாக நகர்ந்தால் அந்த ஒலி நின்று நின்று வெகுநேரம் தொடரும். கடமான் திடீரென்று உரக்க ஒற்றைக் குரல் கொடுத்தால், அருகில் சிறுத்தையோ புலியோ வந்திருக்கக் கூடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விலங்கைக் காணாமல் திரும்பினாலும் அந்த இரவை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

காலையில் கன்னிமரத் தேக்கைப் பார்க்காமல் வரக் கூடாது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரமும் 7 மீட்டரை நெருங்கும் சுற்றளவும் கொண்ட அந்த மரத்துக்கு வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1994–95இல் இந்திய அரசின் மகாவிருட்ச விருது அதற்கு அளிக்கப்பட்டது. ஆனைமலைத் தேக்குகளை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் வெட்டி, டாப்சிலிப் சரிவில் கீழே தள்ளிக் கொண்டுபோனபோது இது தப்பி நின்றது. அந்த அழிவுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தை அடியோடு பெயர்க்காமல் கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்க விடும் முறையை வற்புறுத்தி, புதிய கன்றுகளையும் வளர்த்துக் காட்டை மீட்டவர் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி. 1933இல் இறந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியபடியே டாப்சிலிப் காட்டுக்குள் இருக்கிறது. திரும்பும் வழியில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தின் நடுவே வீட்டிக்குன்னு என்ற தீவிலும் வனத்துறைத் தங்குமிடம் உண்டு. அதற்குப் படகில்தான் போக முடியும். நடைக்கும் சுற்றிப் பார்ப்பதற்கும் வழிகாட்டிகளாக வருபவர்களில் பெரும்பாலோர் காடர், மலசர், மலமலசர், முதுவர் ஆகிய பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அவசரமில்லாமல் பேச இடம் கொடுங்கள்; மர விளக்கப் பலகைகளில் எழுதாத பலவும் அவர்களிடம் கிடைக்கும். தங்குமிடங்கள் மிகக் குறைவு என்பதால் காப்பகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் நுழைவை நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகவே ஏப்ரல், மே மாதங்களைவிடப் பொங்கல் விடுமுறையையோ அரையாண்டுத் தேர்வு விடுமுறையையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: வயநாடு, மசினகுடிப் பக்கம் "காட்டின் நடுவே கூடாரம்" என்று நிறைய விளம்பரங்கள் பார்க்கிறோம். நண்பர்கள் எட்டுப் பேர் போகலாம் என்றிருக்கிறோம். எவை பாதுகாப்பானவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், திருப்பூர்

பதில்: கூடாரத்துக்குச் சுவர் என்பது ஒரு துணிதான் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடிப் பகுதியில், காட்டை ஒட்டிய தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணொருவர் இரவில் காட்டுயானை தாக்கி உயிரிழந்தார். யானைகள் நீரும் மேய்ச்சலும் தேடித் தலைமுறை தலைமுறையாக ஒரே தடங்களில் நடப்பவை. ஒரு தடத்தின் குறுக்கே நாம் படுத்திருந்தால், அந்த இடத்துக்குப் புதியவர் நாம்தான்.

மசினகுடிக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் கடந்து செல்லும் நிலம். அதை யானை வழித்தடமாகத் தமிழக அரசு 2010இல் அறிவிக்கை செய்தது; சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றது; 2018இல் உச்ச நீதிமன்ற ஆணையின்படி அங்குள்ள விடுதிகள் பலவற்றுக்கு முத்திரை வைக்கப்பட்டது; 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை உறுதி செய்தது. இவ்வளவுக்குப் பின்னும் அறையும் கூடாரமும் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த அனுமதியின் பேரில் நடத்துகிறார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்கும் கடமையும் உண்டு என்பேன்.

விளம்பரத்தின் சொற்களே பாதி உண்மையைச் சொல்லிவிடும். இரவு சஃபாரி, நள்ளிரவில் ஜீப்பில் விலங்கு தேடல், வாசலுக்கே வரும் மான்கள், விடிய விடிய ஆட்டம் பாட்டம் என்று அழைப்பவர்களைத் தயக்கமின்றி ஒதுக்குங்கள். மான் வாசலுக்கு வருகிறது என்றால் அதற்கு உப்போ உணவோ வைத்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பொருள். மானைத் தேடிச் சிறுத்தையும் வரும். மாறாக, இத்தனை மணிக்குள் வந்து சேருங்கள், இருட்டிய பின் வெளியே வராதீர்கள், இரவுக் காவலர் இருப்பார், உணவுப் பொருளைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள் என்று கண்டிப்பாகப் பேசுபவரை நம்பலாம்.

மலையேற்றத்தோடு சேர்த்துக் கூடாரம் தருகிறோம் என்பவர்களிடம் வனத்துறை அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழகத்தில் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் நடக்கும் ஏற்பாட்டை அரசே தொடங்கியது. எட்டுப் பேரும் பகலில் அத்தகைய பாதையொன்றில் நடந்துவிட்டு, இரவை அருகிலுள்ள ஊரில் கழிப்பது எனக்கு நிறைவான திட்டமாகத் தோன்றுகிறது.

கேள்வி: என் பெற்றோருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மலையும் படிக்கட்டும் ஆகாது. ஆனால் இருவருக்கும் பறவைகள் என்றால் உயிர். அவர்களுக்கேற்ற இடம் உண்டா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்களுக்கு அருகிலேயே கோடியக்கரை இருக்கிறது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலும் உப்பளமும் உலர் பசுமைக்காடும் சேரும் அந்த முனை முழுவதும் சமதரை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பூநாரை இல்லம் முதலான வனத்துறை விடுதிகளில் அனுமதி பெற்றுத் தங்கலாம். எளிய அறைகள்தாம், கொசுவலை கையோடு கொண்டுபோக வேண்டும், உணவுக்கு முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.

அங்கே தங்குவதன் பயன் விடியற்காலையில் தெரியும். பகலில் வந்து போகிறவர்கள் வெயில் ஏறிய பிறகே உள்ளே நுழைகிறார்கள். அதற்குள் வெளிமான்கள் நிழலுக்குப் போய்விடும். அங்கேயே உறங்கி எழுந்தவருக்கு, பனி விலகாத புல்வெளியில் முறுக்கிய கொம்புகளோடு கருத்த கலைமான் தலையை நிமிர்த்தி நிற்பதும், அதைச் சுற்றிப் பழுப்பு நிறப் பெண்மான்கள் மேய்வதும், சில நேரங்களில் ஒன்று வெருண்டதும் மொத்தக் கூட்டமும் துள்ளித் துள்ளி ஓடுவதும் வாகனத்தில் அமர்ந்தபடியே காணக் கிடைக்கும். பூநாரைகளும் வலசை வரும் உள்ளான்களும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்து சேர்கின்றன. நவம்பரில் புயல் அபாயம் உண்டு. 2018இல் கஜா புயல் அந்தக் காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்துவிட்டது. ஆகவே மழை ஓய்ந்த ஜனவரி உங்கள் பெற்றோருக்குப் பொருத்தமானது. வால்பாறையின் தேயிலைத் தோட்ட பங்களாக்களையும் பலர் சொல்வார்கள். சோலைமந்தியும் இருவாச்சியும் காணக் கிடைக்கும் அருமையான இடம்தான், ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும்.

கேள்வி: ஆலப்புழையில் படகுவீட்டில் ஓர் இரவு தங்கினால், இரவு முழுவதும் படகு காயலில் மிதந்து சென்றுகொண்டிருக்குமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: செல்லாது. மாலை ஐந்தரை மணி அளவில் படகுவீடுகள் கரையோரம் கட்டப்பட்டுவிடும். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. மறுநாள் காலையில்தான் மீண்டும் புறப்படும். இந்த ஏற்பாடு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. காயல் முதலில் அங்கே பிழைப்பவர்களுக்கு உரியது.

கெட்டுவள்ளம் என்ற அந்தப் படகு முன்பு குட்டநாட்டு நெல்லை ஏற்றிச் சென்ற சரக்குப் படகு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்ப்பார்கள். உட்புறமாகக் குனிந்து பார்த்தால் அந்தக் கயிற்றுத் தையலை இன்றும் சில படகுகளில் காணலாம். சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்த வள்ளங்கள், 1990களிலிருந்து மூங்கிலும் பாயும் வேய்ந்த தங்கும் படகுகளாயின. இப்போது வேம்பநாட்டுக் காயலில் அவற்றின் எண்ணிக்கை பெருகி, டீசல் படலமும் கழிவுநீரும் கவலையாகியிருக்கின்றன. இரவெல்லாம் குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டர் ஓடும் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்ட இடத்தில் படுத்துக்கொண்டு, இயற்கையோடு இருந்தேன் என்று சொல்வது கடினம்.

எனவே நான் வேறொன்றைச் சொல்வேன். குட்டநாட்டுக் கிராமம் ஒன்றில், வயலை ஒட்டிய வீட்டில் விருந்தினராகத் தங்குங்கள். கடல்மட்டத்துக்குக் கீழே, வரப்புகட்டித் தண்ணீரை இறைத்து நெல் விளைக்கும் நிலம் அது. 2013இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு அதை உலகச் சிறப்புமிக்க வேளாண் மரபாக ஏற்றது. வாசலில் வாய்க்கால், வாய்க்காலின் நீர்மட்டத்துக்குக் கீழே வயல் என்ற அந்த விந்தையை வீட்டுத் திண்ணையில் இருந்தே பார்க்கலாம். விடியற்காலையில் துடுப்புப் படகில், பெரிய படகுகள் நுழைய முடியாத சிறு வாய்க்கால்கள் வழியாகச் சென்று வாருங்கள். படகில் தூங்கியே ஆக வேண்டும் என்றால், கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்துச் சுத்திகரிப்புக்குக் கொடுக்கும் படகுதானா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கேள்வி: வனத்துறை விடுதிகளில் ஒலிபெருக்கி, மது, நள்ளிரவு நெருப்புக் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு இடம் உண்டா?
— வாசகர், சேலம்

பதில்: இல்லை. இருக்கவும் கூடாது. இவை வேண்டும் என்றால் ஊருக்குள் எத்தனையோ விடுதிகள் உள்ளன.

கேள்வி: ஆனைமலையில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து அணைவதாகப் படித்தேன். அதைக் கண்டு அங்கேயே தங்க முடியுமா?
— வாசகி, கோவை

பதில்: ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி சரகத்தில் 2022 கோடையில் வனத்துறையினரும் ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்தார்கள். கோடை மழை தொட்டு நிலம் ஈரமான பிறகு, மரம் மரமாக மின்மினிகள் சேர்ந்து ஒளிர்ந்து சேர்ந்து அணையும். ஆண்பூச்சிகள் ஒளிவிட்டுத் துணையை அழைக்கின்றன. பெண்பூச்சிகள் தாழ்வான இடங்களிலிருந்து விடை ஒளி தருகின்றன. முதிர்ந்த பூச்சிக்குச் சில வாரங்கள்தான் வாழ்வு. அந்த நாட்களில் ஒரு வாகன முகவிளக்கோ கைப்பேசி வெளிச்சமோ குறுக்கிட்டால், அழைப்பும் விடையும் ஒன்றையொன்று காணாமல் போய்விடும். இரவில் காப்பகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விடாததற்கு யானையும் புலியும் மட்டுமல்லாமல் இதுவும் போதிய காரணம்.

மின்மினிக்கென்றே போக வேண்டுமானால், மராட்டியத்தில் அகோலே வட்டத்தைச் சேர்ந்த புருஷ்வாடி என்ற மலைக்கிராமம் இருக்கிறது. மே இறுதியிலிருந்து ஜூன் வரை அங்கே மின்மினிக் காலம். ஊர் மக்களே தங்கள் வீடுகளிலும் கூடாரங்களிலும் விருந்தினரைத் தங்கவைத்து, அவர்களே உணவு சமைத்து, அவர்களே இரவு நடைக்கு அழைத்துச் செல்கிறார்கள். வருமானம் ஊருக்குள் தங்குவதால் மரங்களைக் காக்கும் அக்கறையும் ஊரிலேயே இருக்கிறது. அதே மலைத்தொடரில் பண்டாரதராவில் வார இறுதிகளில் வாகனங்கள் திரள்வதைக் குறித்து இயற்கை ஆர்வலர்கள் வருந்துகிறார்கள். புல்லை மிதித்து நடக்கும் கூட்டம், கீழே இருக்கும் பெண்பூச்சிகளையும் மிதித்துவிடும். நீங்கள் வாரநாளில் செல்லுங்கள்; பாதையை விட்டு இறங்காதீர்கள்; ஒளிப்படம் எடுக்கும் ஆசையை அந்த ஓர் இரவுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: புலி வாழும் காட்டுக்குள் சட்டப்படி கூடாரமிட்டுத் தங்க வழியே இல்லையா?
— வாசகர், கம்பம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேக்கடியில் பெரியார் புலிகள் காப்பகம் நடத்தும் காட்டுநடைத் திட்டத்தில், சிறு குழுவாகச் சென்று காட்டுக்குள் ஓரிரு இரவுகள் முகாமிடலாம். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் வருவார். ஆனால் அதன் அருமை வழிகாட்டிகளில்தான் இருக்கிறது. ஒருகாலத்தில் அந்தக் காட்டில் வயணப்பட்டை என்னும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள், வேட்டையாடியவர்கள், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு பேசி, வழக்குகளிலிருந்து மீண்டு, சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து காவலர்களாக மாறினார்கள். காட்டின் ஒளிவுமறைவான தடங்கள் எல்லாம் கால்களுக்கே தெரிந்தவர்கள் அவர்கள். முன்பு மறைந்து திரிந்த பாதைகளில் இப்போது ரோந்து போகிறார்கள். சுற்றுலாக் கட்டணத்தின் ஒரு பகுதி அவர்களுக்குப் பிழைப்பாகிறது. உடல்நலம் நன்றாக இருக்க வேண்டும். மழைக்காலமானால் அட்டைக்கடிக்குக் காலுறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடையும் வாசனைத் திரவியமும் வேண்டாம்.

கேள்வி: விண்மீன்களைப் பார்ப்பதற்காகவே ஓர் இரவு தங்க, இந்தியாவில் சிறந்த இடம் எது?
— வாசகர், வாணியம்பாடி

பதில்: உங்களுக்கு அண்மையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே லடாக்கின் ஹான்லேயிலும் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. அதைச் சுற்றி 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர்களில் வீடுகளே விடுதிகள். ஊரைச் சேர்ந்த 24 பேருக்கு வானியல் பயிற்சியும் தொலைநோக்கியும் தரப்பட்டிருப்பதால், இரவுணவுக்குப் பின் அந்த வீட்டுக்காரரோ அண்டை வீட்டாரோ முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்திச் சனியின் வளையத்தைக் காட்டுவார். சன்னல்களுக்குக் கனத்த திரை, வெளியே தரை நோக்கிய மங்கல் விளக்கு, வாகனங்களுக்கு முகவிளக்குக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஊரே கடைப்பிடிக்கிறது. பால்வீதியைத் தேட வேண்டியிருக்காது. தலைக்கு மேலே அடிவானம் முதல் அடிவானம் வரை தெளிவாகத் தெரியும்.

ஆனால் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் விளையாட்டல்ல. விமானத்தில் லே நகருக்குப் போனவர்கள் குறைந்தது இரண்டு, மூன்று நாட்கள் அங்கே ஓய்வெடுத்து உடலைப் பழக்கிய பின்னரே ஹான்லே புறப்பட வேண்டும். இதயக் கோளாறோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் திட்டமிடக் கூடாது. எல்லைப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நிலவு இருந்தால் இவ்வளவு தொலைவு சென்ற பயனில் பாதி போய்விடும்.

கேள்வி: இலங்கையில் வில்பத்துக் காட்டுக்குள் அரசு பங்களாக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். குடும்பமாகத் தங்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, வவுனியா

பதில்: வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அந்த பங்களாக்களை நடத்துகிறது, முன்பதிவும் அவர்களிடம்தான். வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளைப் பார்த்தபடி அவற்றுட் சில அமைந்திருக்கின்றன. மாலையில் மான்களும் பன்றிகளும் நீருக்கு வருவதை விறாந்தையிலிருந்தே பார்க்கலாம்; அவற்றின் பின்னே சிறுத்தை வருவதும் உண்டு. அரிசி, மரக்கறி, குடிநீர் முதலிய அனைத்தையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். பங்களாக் காவலர் சமைத்துத் தருவார். உள்ளே கடை எதுவும் இல்லை என்பதால், குழந்தைகளின் பால்மா முதல் மருந்து வரை புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதைகள் மணலும் சேறுமாக இருக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் வேண்டும். நுழைவாயிலில் திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் உங்களோடு ஏறிக்கொள்வார். இருட்டுக்கு முன் பங்களாவுக்குள் வந்துவிட வேண்டும். மீந்த உணவை முற்றத்தில் கொட்டாமல் கட்டி எடுத்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கொட்டினால் அடுத்து அங்கே தங்க வருபவரின் முற்றத்துக்கு இரவில் காட்டுப்பன்றியும் அதைத் தொடர்ந்து வேறொன்றும் வரும்.